முதல் குரூஸ்: வாந்தி பயம், மூடிய அறை பயம் இரண்டும் உண்டு. எந்த கேபின் எடுப்பது?

உறையூர்க்காரி
எல்லோருக்கும் வணக்கம். மகன் சிங்கப்பூரில் வேலையில் இருக்கிறான். வரும் பிப்ரவரியில் எங்கள் இருவரையும் வரவழைத்து, அங்கிருந்து கப்பலில் பினாங்கு, புக்கெட் போய்த் திரும்புகிற நான்கு இரவுப் பயணம் ஏற்பாடு செய்கிறான். கப்பல் பெயர் ஆன்தம் ஆஃப் தி சீஸ். முன்பணம் கட்டியாகிவிட்டது, அறை மட்டும் முடிவாகவில்லை.

எனக்கு இரண்டு பிரச்சினை. கொல்லிமலைக்குப் பஸ்ஸில் போனால் எழுபது கொண்டை ஊசி வளைவில் பாதிகூடத் தாண்ட மாட்டேன், எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே வாந்திதான். இன்னொன்று மூடிய இடம். லிஃப்டில் ஏற மாட்டேன். கழுத்து வலிக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கப் போய், உள்ளே தள்ளியதுமே, ஆளைக் கூப்பிடக் கையில் கொடுத்திருந்த ரப்பர் பல்பை அமுக்கி வெளியே வந்துவிட்டேன்.

டிராவல்ஸ்காரர் என்ன சொல்கிறார் என்றால், ஆட்டம் தெரியக் கூடாது என்றால் கப்பலின் நடுவில், கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத உள் அறை எடுங்கள், விலையும் குறைவு என்கிறார். இணையத்தில் தேடினால், மூடிய இடம் ஆகாதவர்கள் பால்கனி அறைதான் எடுக்க வேண்டும் என்று இருக்கிறது. அதெல்லாம் மேலே. ஒன்றைப் பார்த்தால் மற்றது இடிக்கிறது.

போதாக்குறைக்கு இதே கப்பல் 2016இல் புயலில் மாட்டிய வீடியோவை நாத்தனார் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். நாற்காலி மேஜையெல்லாம் உருண்டு கிடக்கிறது. போகலாமா, வேண்டாமா?

கோடம்பாக்கத்தான்
நாத்தனாருக்கும் ஒரு டிக்கெட் போட்டிருந்தால் அந்த வீடியோ வந்திருக்காது மேடம்.

ஈசூன்வாசி
அக்கா, யோசிக்காமல் வாருங்கள். ஊரிலிருந்து யார் வந்தாலும் இங்கே நாங்கள் கப்பலில் ஏற்றிவிடுவது வழக்கமாகிவிட்டது. என் மாமியாரும் போய் வந்தார், ஒன்றும் ஆகவில்லை. கப்பல் நகர்கிறதா என்றே சந்தேகம் வரும்.

அறைக்கு அதிகம் செலவழிக்காதீர்கள். அறையில் யார் இருக்கப் போகிறார்கள்? சாப்பாடு, நாடகம், நீச்சல் குளம் என்று நாள் போய்விடும். தூங்கத்தான் அறை. பால்கனிக்கும் உள் அறைக்கும் உள்ள விலை வித்தியாசத்தில் இங்கே முஸ்தபா கடையில் ஒரு பெட்டி நிறையச் சாமான் வாங்கலாம்.

நங்கூரம்
வணிகக் கப்பல்களில் டெக் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் வீடியோவிலிருந்து தொடங்குகிறேன்.

அது பொய்யில்லை. 2016 பிப்ரவரியில் நியூஜெர்சியிலிருந்து புளோரிடா நோக்கிக் கிளம்பிய ஆன்தம், வட கரோலினாவின் ஹாட்டரஸ் முனைக்கு அப்பால் கடும் புயலில் மாட்டியது. அலை முப்பதடி. பயணத்தை ரத்துசெய்து கிளம்பிய இடத்துக்கே திரும்பினார்கள். சிலருக்குச் சிறு காயம், அவ்வளவுதான். குளிர்கால வட அட்லாண்டிக் அப்படித்தான். அந்தப் பக்கம் போகும்போது நாங்களும் அறையில் எல்லாவற்றையும் கட்டிவைத்துவிட்டுத்தான் படுப்போம்.

நீங்கள் போகப்போவது மலாக்கா நீரிணை. ஒரு பக்கம் மலாயா, மறுபக்கம் சுமத்ரா. சிங்கப்பூருக்குப் பக்கத்தில் கப்பல் போகும் வழி மூன்று கிலோமீட்டருக்கும் கீழாகக் குறுகுகிறது. பெரிய அலை எழ வேண்டுமானால் காற்று நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தடையில்லாமல் தண்ணீர்மேல் ஓட வேண்டும். அங்கே அதற்கு இடமே இல்லை. நிலநடுக்கோட்டுக்கு அவ்வளவு பக்கத்தில் புயல் சுழன்று உருவாவதும் மிக அரிது. 2001 டிசம்பரில் வாமெய் என்ற புயல் சிங்கப்பூருக்கு அருகே வந்ததை வானிலைக்காரர்கள் இன்றும் அதிசயமாகப் பேசுகிறார்கள். அதிகாலையில் சில நாள் சுமத்ரா பக்கமிருந்து திடீர்க் காற்றும் மழையும் வரும், ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். அதுவும் பெரும்பாலும் ஏப்ரல் முதல் நவம்பர் வரைதான்.

பினாங்குக்கு வடக்கே அந்தமான் கடல் திறக்கிறது. மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் புக்கெட் பக்கம் அலை இருக்கும். பிப்ரவரி அங்கே நல்ல காலம். அதே பிப்ரவரியில் வியட்நாம் பக்கம் டிக்கெட் போட்டிருந்தால் யோசிக்கச் சொல்லியிருப்பேன், தென்சீனக் கடலில் வடகிழக்குப் பருவக்காற்று அப்போது முழுதாக ஓய்ந்திருக்காது. ஆகவே கப்பல் பெயரைப் பார்த்துப் பயப்படாதீர்கள். எந்தக் கடல், எந்த மாதம் என்று பாருங்கள்.

இனி ஆட்டம். இந்தக் கப்பலின் நீளம் சுமார் 348 மீட்டர். விலாவில், தண்ணீருக்கடியில் இரண்டு பக்கமும் துடுப்புகளை நீட்டும் ஸ்டெபிலைசர் இருக்கிறது. பக்கவாட்டு ஆட்டத்தை அது பெருமளவு அடக்கிவிடும். முன்முனையும் பின்முனையும் மாறி மாறி ஏறி இறங்குவதை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. அதற்காகத்தான் நடுப்பகுதி அறையைச் சொல்கிறார்கள்: பூங்காவில் குழந்தைகள் ஆடுகிற சீசா பலகையின் நடுவில் உட்கார்ந்தவன் ஏறி இறங்குவதில்லை. உயரே போகப் போகப் பக்கவாட்டு ஆட்டம் கூடும், அதனால் கீழ்த்தளம். டிராவல்ஸ்காரர் சொன்னது அந்தவரை சரிதான்.

ஆனால் மலாக்கா நீரிணையில், பிப்ரவரியில், இந்த நீளமுள்ள கப்பலில் கீழ்த்தளத்துக்கும் நடுத்தளத்துக்கும் நீங்கள் வித்தியாசம் உணரும் வாய்ப்பு குறைவு. அந்தக் குறைந்த வாய்ப்புக்காக ஜன்னல் இல்லாத அறைக்குள் போவதா என்பதை மூடிய இடப் பயம் தெரிந்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

அந்தமான் காற்று
போர்ட் பிளேரில் பள்ளி ஆசிரியராக இருந்தேன். சென்னையிலிருந்து நான்கவுரி, நிக்கோபார் கப்பல்களில் பங்க் வகுப்பில் போவோம், இரண்டரை நாள் ஆகும். முதல் நாள் பாதிப் பேர் பக்கெட்டோடுதான் இருப்பார்கள். மூன்றாம் நாள் அதே ஆட்கள் கேண்டீன் வரிசையில் முதலில் நிற்பார்கள். உடம்பு தானாகப் பழகிக்கொள்ளும். மாத்திரை எல்லாம் தேவையில்லை, பேசாமல் படுத்திருந்தால் போதும்.

நெல்சன் கேள்விப்பட்டிருப்பீர்கள், டிரஃபால்கர் சண்டையில் செத்த பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி. அவருக்கே கடல் ஒத்துக்கொண்டதில்லை. டார்வின் பீகிள் கப்பலில் ஐந்து வருஷம் சுற்றினார், அந்த ஐந்து வருஷமும் குமட்டல்தான். உலர்திராட்சை மட்டும் உள்ளே தங்கியதாம்.

மருந்துப்பெட்டி
மருந்தாளுநராக வேலை பார்க்கிறேன். ஆசிரியர் ஐயா சொன்னதில் உடம்பு பழகும் என்பது உண்மை, பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மூன்று நாளில் பழகிவிடும். ஆனால் அக்காவின் பயணமே நான்கு இரவு. பழகி முடிப்பதற்குள் இறங்கும் நேரம் வந்துவிடும். மாத்திரை போடுவதால் வீரம் ஒன்றும் குறைந்துவிடாது.

குமட்டல் ஏன் வருகிறது என்று தெரிந்தால் மருந்தும் புரியும். உள்காதில் அசைவை உணரும் உறுப்பு இருக்கிறது. அது ஆடுகிறோம் என்கிறது. அறைச்சுவரைப் பார்க்கிற கண் அசையவில்லை என்கிறது. இந்த இரண்டு தகவலும் ஒத்துப்போகாதபோதுதான் மூளை குழம்பி வயிற்றைப் புரட்டுகிறது. ஐந்து விநாடிக்கு ஒரு முறை என்கிற கணக்கில் மெதுவாக ஏறி இறங்குகிற அசைவு இதற்கு மிக மோசம். வயிற்றில் கெட்டுப்போனதால் வரும் வாந்தி வேறு பாதை, இது வேறு பாதை.

இங்கேதான் நம் ஊரில் எல்லோரும் சறுக்குகிறார்கள். வாந்தி என்றதும் வீட்டில் இருக்கிற எமிசெட்டையோ டோம்ஸ்டாலையோ எடுத்துப்போகிறார்கள். பயண வாந்திக்கு அவை பெரிதாக உதவாது. உள்காதிலிருந்து வரும் சேதியை மட்டுப்படுத்துகிற மருந்து வேண்டும். நம் கடைகளில் அவோமின் என்ற பெயரில் கிடைக்கிற புரோமெத்தசின், சின்னாரிசின், மெக்லிசின் எல்லாம் அந்த வகை. குமட்டல் தொடங்கிய பிறகு போட்டால் பாதிப் பயன்தான், மாத்திரையே வெளியே வந்துவிடும். கப்பல் கிளம்புவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு, அல்லது முந்தைய இரவே போட வேண்டும்.

இந்த மாத்திரைகள் தூக்கம் வரவைக்கும், வாய் உலரும். எனவே ஊரில் இருக்கும்போதே, வேலையில்லாத ஒரு நாளில் ஒன்று போட்டுப் பாருங்கள். எவ்வளவு மயக்குகிறது என்று தெரியும். கண் அழுத்த நோய், ஆண்களுக்கு புராஸ்டேட் வீக்கம், வலிப்பு, வேறு தூக்க மாத்திரை இவற்றில் ஏதாவது இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. வயதானவர்கள் தடுமாறி விழவும் வாய்ப்பு உண்டு. காதுக்குப் பின்னால் ஒட்டி மூன்று நாள் வேலை செய்கிற ஸ்கோபோலமைன் பட்டை பற்றி இணையத்தில் நிறையப் படித்திருப்பீர்கள். அதுவும் கண் அழுத்தக்காரர்களுக்கு ஆகாது, டாக்டர் சீட்டும் வேண்டும்.

செட்டிநாட்டுச் சமையல்
இஞ்சி மரப்பாவை யாருமே சொல்லவில்லையே! ஒரு டப்பா போட்டு எடுத்துப்போங்கள். பழனிக்கும் கொடைக்கானலுக்கும் போகும்போது எங்கள் வீட்டில் அதுதான்.

மருந்துப்பெட்டி
ஆச்சி, மரப்பாவுக்கு நான் எதிரி இல்லை. இஞ்சி பற்றிய ஆய்வுகள் ஒருமுகமாக இல்லை, சிலருக்குக் கேட்கிறது. தீங்கில்லை, ருசியாகவும் இருக்கிறது, எடுத்துப்போகட்டும். மணிக்கட்டில் அழுத்தும் பட்டையும் அப்படித்தான், நம்பிக்கை இருந்தால் கட்டிக்கொள்ளலாம். மாத்திரைக்குப் பதிலாக வேண்டாம்.

வெறும் வயிறும் கூடாது, பஃபே முழுக்கச் சாப்பிட்ட வயிறும் கூடாது. மற்றபடி போனைக் குனிந்து பார்ப்பதைத் தவிருங்கள். நிறையப் பேருக்குக் குமட்டல் அலையால் தொடங்குவதில்லை, ஆடுகிற இடத்தில் உட்கார்ந்து வாட்ஸ்அப் படிப்பதால் தொடங்குகிறது.

நிழல்மரம்
//அறையில் யார் இருக்கப் போகிறார்கள்? தூங்கத்தான் அறை.//

பயம் இல்லாதவர்கள் இதைத்தான் சொல்வார்கள். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் ஈசூன்வாசி, ஆனால் தூங்கும்போதுதானே பிரச்சினை. உள் அறையில் விளக்கை அணைத்தால் பகலும் கும்மிருட்டு. இரவு மூன்று மணிக்கு விழிப்பு வருகிறது, கை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை, எந்தப் பக்கம் கதவு என்று புரியவில்லை. அந்த அரை நிமிஷம் போதும்.

எனக்கு இந்தப் பயம் பல வருஷமாக உண்டு. மனநல ஆலோசகரிடம் போய்ப் பெரும்பகுதி குறைந்துவிட்டது. அங்கே முதலில் கேட்ட கேள்வியையே உங்களிடமும் கேட்கிறேன் அக்கா. திருச்சிக்காரர் நீங்கள், மலைக்கோட்டை ஏறியிருப்பீர்கள். தாயுமானவர் சன்னதிக்குப் போகிற படி பாறையைக் குடைந்து உள்ளுக்குள்தானே போகிறது? ஜன்னல் கிடையாது, மேலே பாறை, கூட்டம் வேறு. அங்கே மூச்சு முட்டுகிறதா?

உறையூர்க்காரி
நிழல்மரம், நீங்கள் கேட்ட பிறகுதான் யோசித்தேன். முட்டுவதில்லை! சின்ன வயதிலிருந்து ஏறுகிறேன், நானூறு படிக்கு மேல். களைத்தால் ஓரமாக உட்காருவேன், வேண்டாம் என்றால் திரும்பி இறங்குவேன். லிஃப்டில் அப்படி முடியாதே. கதவு எப்போது திறக்கும் என்பது என் கையில் இல்லை.

நிழல்மரம்
அதேதான். உங்களுக்குச் சுவர் பிரச்சினை இல்லை, நினைத்தபோது வெளியே வர முடியாததுதான் பிரச்சினை. இரண்டையும் ஒரே பெயரில் சொல்கிறோம், ஆனால் ஏற்பாடுகள் வேறு.

கப்பல் அறைக் கதவு உள்ளேயிருந்து பிடியைத் திருப்பினால் எப்போதும் திறக்கும். வெளியே போக அட்டை தேவையில்லை, திரும்பி வரத்தான் அட்டை. போய்ச் சேர்ந்ததும் அதை நாலைந்து முறை திறந்து மூடிப் பாருங்கள். அறையிலிருந்து திறந்த தளத்துக்குப் படி வழியாக ஒருமுறை நடந்து பழகுங்கள். மேல்தளங்கள் இரவிலும் திறந்திருக்கும், நடுநிசியில் போய் நின்றாலும் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். இது உடம்புக்குத் தெரிந்துவிட்டால் பாதிப் பயம் அங்கேயே கழன்றுவிடும்.

யாரும் சொல்லாத இரண்டு இடங்களையும் சொல்லிவிடுகிறேன். ஒன்று, அறைகளுக்கு முன்னால் போகிற நடைபாதை. ஜன்னலே இல்லாமல் கப்பல் நீளத்துக்குப் போகும், இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கதவுகள். எனக்கு அறையைவிட அதுதான் கஷ்டமாக இருந்தது. எனவே படிக்கட்டுக்கு ஐந்தாறு கதவுக்குள் இருக்கிற மாதிரி அறை எண்ணைப் பார்த்து எடுக்கச் சொல்லுங்கள். இன்னொன்று குளியலறை. சின்னது, ஷவர் பகுதி ஒரு ஆள் நிற்கத்தான். வீட்டுக்காரரை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்துவைத்துக் குளியுங்கள், சங்கடம் இல்லை.

ஈசூன்வாசி
சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த வகைக் கப்பல்களின் உள் அறைகளில் சுவர் உயரத்துக்கு ஒரு திரை வைத்து, வெளியே கேமரா காட்டுகிற கடலை நேரடியாகக் காட்டுகிறார்களே. பால்கனி மாதிரியே இருக்கும். அது போதாதா?

நிழல்மரம்
சிலருக்குப் போதும். வெளிச்சம் வரும், விடிந்துவிட்டது தெரியும், மற்ற உள் அறைகளைவிட மேல். ஆனால் காற்று வராது. சாதாரண ஜன்னல் அறையிலும் வராது, அந்தக் கண்ணாடி திறக்காது. பால்கனியில் மட்டும்தான் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே நிற்க முடியும். அக்காவுக்கு வேண்டியது அதுதான் என்று நினைக்கிறேன்.

அலை வந்தாலும் வரும், வராமலும் போகும். அறை மட்டும் நான்கு இரவும் இருக்கும். பணத்தை அறைக்குச் செலவழியுங்கள், அலைக்கு மாத்திரை போதும்.

நங்கூரம்
நானும் அதையே சொல்வேன். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்: கப்பலின் நடுப்பகுதி, பால்கனி உள்ள தளங்களிலேயே கீழே இருப்பது, படிக்கட்டுக்குப் பக்கம். மகனிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். 'கேரண்டி' என்று ஒரு விலை போட்டிருக்கும், கொஞ்சம் மலிவு. அதை எடுத்தால் எந்த அறை என்பதைக் கப்பல்காரர்கள்தான் முடிவு செய்வார்கள், மூக்கு முனையில் கிடைத்தாலும் மறுபேச்சுக் கிடையாது. உங்களுக்கு அது வேண்டாம். அறை எண்ணோடு எடுக்கட்டும்.

நோய் இரண்டானாலும் கைமருந்து ஒன்றே என்பது உங்கள் அதிர்ஷ்டம். குமட்டல் வந்தாலும் நெஞ்சு படபடத்தாலும் நடுப்பகுதித் திறந்த தளத்துக்குப் போய்த் தொடுவானத்தைப் பார்த்து நில்லுங்கள். ஆட்டத்தைக் கண்ணும் பார்த்துவிட்டால் காதோடு சண்டை தீர்ந்தது. மேல்தளத்தின் முன்முனையில் கண்ணாடிக்கூரை போட்ட இடம் ஒன்று உண்டு, அழகாக இருக்கும், ஆட்டம் அதிகமுள்ள இடமும் அதுதான். அமைதியான நாளில் போங்கள்.

கோடம்பாக்கத்தான்
அந்தக் கப்பலில் கண்ணாடிக் கூண்டில் ஏற்றி, கடலுக்கு மேலே முந்நூறு அடிக்குத் தூக்கிக் காட்டுவார்களாமே? லிஃப்ட் பயம், உயரப் பயம், கடல் பயம் மூன்றுக்கும் ஒரே டிக்கெட். மேடத்துக்கு முன்பதிவு செய்யட்டுமா?

உறையூர்க்காரி
உங்களையும் நாத்தனாரையும் அதில் ஏற்றிக் கதவைப் பூட்டிவிட்டால் எனக்குச் சந்தோஷம்.

எல்லோருக்கும் நன்றி. மகனிடம் பேசிவிட்டேன், பால்கனிக்கு மாற்றுகிறேன் என்கிறான். ஒரு சந்தேகம். வந்து இறங்கியதும் முதலில் பக்கத்து இந்தோனேசியத் தீவான பாத்தாமுக்குப் படகில் ஒரு நாள் போய் வந்து பழகலாமா என்கிறான். அதைவிட எளிதாக, தெரிந்தவர் ஒருவர் பதற்றத்துக்கான அல்பிரசோலம் மாத்திரையில் பாதி போட்டுக்கொள்ளச் சொல்கிறார், அவரிடமே மாத்திரை இருக்கிறதாம்.

மருந்துப்பெட்டி
அக்கா, அடுத்தவர் மாத்திரை வேண்டவே வேண்டாம். அல்பிரசோலமும் அவோமினும் இரண்டுமே மயக்குபவை. சேர்ந்தால் ஆடுகிற தரையில் நிற்க முடியாது. மேலும் சிங்கப்பூருக்குள் இந்த வகை மருந்துகளைக் கொண்டுபோவதற்குச் சட்டம் கடுமை. சிலவற்றுக்கு அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எச்.எஸ்.ஏ.யிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். சீட்டில்லாமல் பையில் இருந்தால் கப்பல் ஏறுவதற்கு முன்பே வம்பு. தேவை என்று உங்கள் டாக்டர் நினைத்தால் அவர் எழுதித் தரட்டும், சீட்டோடு எடுத்துப்போங்கள். அவோமினுக்கும் சீட்டு இருந்தால் நல்லது.

நங்கூரம்
பாத்தாம் வேண்டாம். அது சின்ன விரைவுப் படகு. நல்ல நாளிலேயே பெரிய கப்பலைவிடப் பல மடங்கு ஆடும், ஜன்னலும் அடைத்திருக்கும். அங்கே வாந்தி எடுத்துவிட்டு 'கப்பல் எனக்கு ஆகாது' என்று முடிவுகட்டிவிடுவீர்கள். இரண்டுக்கும் சம்பந்தமில்லை. படகில் போய்ப் பார்க்க ஆசையாக இருந்தால் சாங்கியிலிருந்து புலாவ் ஊபின் தீவுக்குப் பம்போட் என்கிற சிறு மோட்டார் படகு போகிறது. பத்து நிமிஷம், பக்கமெல்லாம் திறந்திருக்கும்.

நிழல்மரம்
பழக வேண்டியது கடலை அல்ல, லிஃப்டை. இன்னும் நேரம் இருக்கிறது. என்.எஸ்.பி. ரோட்டில் லிஃப்ட் உள்ள ஏதாவது ஜவுளிக்கடைக்குக் கூட்டமில்லாத முற்பகலில் போங்கள். முதலில் கதவு திறந்திருக்கும்போது உள்ளே நின்றுவிட்டு வெளியே வாருங்கள், அன்றைக்கு அவ்வளவுதான். அது சலித்துப்போன பிறகு ஒரு மாடி. பக்கத்தில் வீட்டுக்காரர் இருக்கட்டும், ஆனால் 'பயப்படாதே பயப்படாதே' என்று சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது, கேட்டாலே பயம் வரும்.

படபடப்பு வந்தால் ஓடாமல் நிற்கப் பாருங்கள். மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக வைத்துக்கொள்ளுங்கள். படபடப்பு ஏறிக்கொண்டே போகும் என்று தோன்றும், ஆனால் சில நிமிஷத்தில் உச்சிக்குப் போய்த் தானாக இறங்கிவிடும். அது இறங்குவதை உள்ளே நின்றே பார்த்துவிட்டால் அடுத்த முறை அவ்வளவு ஏறாது. ஏறிய வேகத்தில் வெளியே ஓடிவந்தால், ஓடியதால்தான் பிழைத்தோம் என்று மூளை எழுதிவைத்துக்கொள்ளும். தனியாகச் செய்ய முடியவில்லை என்றால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416இல் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

கப்பலிலும் லிஃப்ட் கட்டாயமில்லை, படிகள் அகலமாக இருக்கும். ஏறுகிற நாள் மத்தியானம் மட்டும் லிஃப்ட் வாசல், நடைபாதை எல்லாம் நெரியும், அந்த நேரத்தில் திறந்த தளத்தில் உட்கார்ந்திருங்கள்.

அந்தமான் காற்று
பாதுகாப்பு ஒத்திகையை விட்டுவிட்டீர்களே. எல்லோரையும் ஒரே கூடத்தில் அடைத்து நிற்கவைப்பார்கள்.

நங்கூரம்
முன்பு அப்படி. 2012இல் கோஸ்டா கன்கார்டியா இத்தாலிக் கரையில் கவிழ்ந்த பிறகு, கப்பல் கிளம்புமுன் அல்லது கிளம்பிய உடனேயே ஒத்திகை நடந்தாக வேண்டும் என்று விதி இறுகிவிட்டது. ஆனால் கோவிட்டுக்குப் பிறகு இந்த நிறுவனம் உட்படப் பலர் முறையை மாற்றிவிட்டார்கள். போனிலோ அறை டிவியிலோ வீடியோ பார்த்துவிட்டு, உங்களுக்கான இடத்துக்கு உங்கள் சௌகரியத்தில் போய் முகத்தைக் காட்டிவிட்டு வந்தால் போதும். ஏறியதும் முடித்துவிடுங்கள், கடைசியில் போனால்தான் கூட்டம்.

பட்டர்வொர்த் பாலன்
பினாங்கில் கப்பல் ஜார்ஜ் டவுனின் சுவெட்டன்ஹாம் துறையிலேயே கட்டும். பாலத்தில் இறங்கி நடந்தே லிட்டில் இந்தியாவுக்கு வரலாம் அக்கா, தோசை காத்திருக்கிறது.

எங்கள் பாட்டி நாகப்பட்டினத்திலிருந்து இதே பினாங்குக்கு ரஜுலா கப்பலில் வந்தவர். 1926இல் கட்டியது, ஐம்பது வருஷம் போல ஓடியது. டெக் பயணிகளுக்கு அறையே கிடையாது, பாயை விரித்துப் படுக்க வேண்டியதுதான். வங்காள விரிகுடாவை அப்படிக் கடந்தார்கள். வாந்தியைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார், மூச்சு முட்டியதாக ஒருநாளும் சொன்னதில்லை. பால்கனி எடுத்தது சரிதான்.

வேலூர் வாசகி
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். எங்கள் குழந்தைக்கு ஒன்றரை வயது. கப்பலில் வாந்தி எடுக்குமா? அவோமின் கொடுக்கலாமா?

மருந்துப்பெட்டி
இரண்டு வயதுக்குக் கீழே பயண வாந்தி அபூர்வம். புரோமெத்தசின் அந்த வயதுக்குக் கொடுக்கவே கூடாது. ஐந்தாறு வயதுக்கு மேல்தான் இந்தத் தொல்லை அதிகம், அப்போது குழந்தை மருத்துவரைக் கேளுங்கள்.

உறையூர்க்காரி
அறை முடிவாகிவிட்டது: நடுப்பகுதி, பால்கனி, படிக்கட்டிலிருந்து நான்காவது கதவு. ஜவுளிக்கடை லிஃப்டில் இரண்டு மாடி வரை வந்துவிட்டேன், ஒரு புடவையும் வாங்கிவிட்டேன், அது தனிச் செலவு.

கடைசியாக ஒன்று. புக்கெட்டில் கப்பல் கரைக்குப் போகாது, 'டெண்டர்' என்று படகில்தான் இறங்க வேண்டும் என்று போட்டிருக்கிறது. அது எப்படி இருக்கும் சார்?

நங்கூரம்
படோங் கடற்கரைக்கு எதிரே நங்கூரம் போட்டு நிற்கும், அங்கிருந்து படகு. பயணம் முழுக்க உங்கள் இரண்டு பயத்துக்கும் சோதனை என்றால் அந்தக் கொஞ்ச நேரம்தான். கூரை தாழ்வு, ஆட்கள் நெருக்கம், கப்பலை ஒட்டி நிற்கும்போது நன்றாக ஆடும். காலையில் முதல் கூட்டம் போகட்டும், பத்து மணிக்கு மேல் பாதிப் படகு காலியாகப் போகும். கதவுப் பக்கம் இடம் கேளுங்கள், கொடுப்பார்கள். ஏறும்போது ஊழியர் முழங்கையைப் பிடிப்பார், உதறாதீர்கள். மாத்திரையை அதற்கு முன் போட்டுவிடுங்கள்.

போகாமல் இருந்தாலும் நஷ்டமில்லை. எல்லோரும் இறங்கிய பிறகு காலிக் கப்பல்போலச் சுகமான இடம் கிடையாது.

உறையூர்க்காரி
அப்படியானால் அங்கே போய் அலையைப் பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன். அவரும் மகனும் எப்படியும் இறங்குவார்கள்.

நங்கூரம்
அப்போது அவர்களிடம் ஒன்று சொல்லி அனுப்புங்கள். தாய்லாந்து நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி பின்னால். கரையில் இறங்கியதும் போன் தானாக மாறிக்கொள்ளும், கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே இருக்கலாம். கடைசிப் படகு எத்தனை மணிக்கு, அது கப்பல் நேரமா கரை நேரமா என்று இறங்குமுன் கேட்டுக்கொள்ளட்டும்.